ஸ்காபரோவில் வாடிக்கையாளர், வட்டக்கச்சியில் டெலிவரி

ஏற்றுமதி என்று கிளிநொச்சியில் யாராவது வாயெடுத்தால் அடுத்து வருகிற சொல் கன்டெய்னர். பிறகு கொழும்புத் துறைமுகம், லைசன்ஸ், கையில் முதல் இல்லை, வங்கி கடன் தராது என்று கதை வழமையான பாதையில் போய், "உந்த வேலை எங்களுக்குச் சரிவராது" என்று முடிந்துவிடும். தொழில்முனைவோர் செயலமர்வுகளிலும் இதே கதைதான், கொஞ்சம் பவர்பொயின்டும் மத்தியானச் சாப்பாடும் சேர்த்து. எனக்கு இதில் ஒரு முறைப்பாடு உண்டு. பல வருடமாக வெளிநாட்டுச் சந்தையில் வியாபாரம் செய்கிற சின்னக் கடைகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன, அவற்றை யாரும் ஏற்றுமதியாளர் கணக்கில் சேர்ப்பதில்லை, அவர்களும் தங்களை அப்படி நினைப்பதில்லை, ஏனென்றால் அவர்களுடைய சாமான் ஒன்றுகூட வன்னியின் தெற்கு எல்லைபோல இருக்கிற ஓமந்தையைத் தாண்டுவதில்லை.

டிப்போச் சந்திப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கேக் கடை இருக்கிறது. கண்ணாடி அலமாரி, ரெண்டு பிரிட்ஜ், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான். கடைக்கு நேரில் வந்து கேக் வாங்குகிறவர்களை மட்டும் நம்பியிருந்தால் எப்போதோ பூட்டியிருக்க வேண்டும். காசு வருவது ரொறன்ரோவின் ஸ்காபரோ, அதற்குப் பக்கத்து மார்க்கம், லண்டனின் ஹரோ, சூரிச் பக்கமிருந்து. அங்கே இருக்கிற மகன் வாட்ஸ்அப்பில் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஓடர் கொடுப்பான், காசை அங்கேயே கட்டுவான், கேக் வட்டக்கச்சியில் அம்மாவின் கையில் போய்ச் சேரும். முதலில் கேக் மட்டும்தான். பிறகு கேக்கோடு ஒரு சீலை, பிறகு மாதாந்தப் பலசரக்கு, அப்பாவின் பிறஷர் குளிசை, கடைசியில் கிணறு இறைக்கிற மோட்டர் வரை வந்துவிட்டது.

பொருளாதாரப் பாடமாகப் பார்த்தால் இது ரொம்ப விசித்திரமான ஏற்றுமதி. வாங்குகிறவர் வெளிநாட்டில், காசு வெளிநாட்டுக் காசு, சாமான் மட்டும் ஏழெட்டுக் கிலோமீற்றர் போகிறது. சுங்கம் இல்லை, தாவரத் தொற்றுநீக்கச் சான்றிதழ் இல்லை, லேபிளில் பிரெஞ்சு இல்லை. சேவை வணிகத்துக்கான உலக ஒப்பந்தம் 1995 இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒரு சேவை எல்லை கடக்கும் வழிகளை நான்காகப் பிரித்தார்கள்: சேவை போகலாம், நுகர்பவர் வரலாம், கம்பனி போய்க் கிளை போடலாம், ஆளே போய் வேலை செய்யலாம். மகன் ரொறன்ரோவில் காசு கட்ட அம்மா வட்டக்கச்சியில் கேக் வெட்டுவது இந்த நான்கில் எதற்குள் வரும் என்று கேட்டால் ஜெனீவாவில் அந்த ஒப்பந்தத்தைப் பார்க்கிறவர்களே கொஞ்சம் தலையைச் சொறிவார்கள்.

இந்தக் கடை உண்மையில் எதை விற்கிறது என்று யோசித்தால் கேக் மூன்றாவது இடத்துக்குத்தான் வரும். முதலாவது, முகவரி. வன்னியில் வீட்டு இலக்கம் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதைவிட, ஓடர் தருகிறவர் ஊரைவிட்டுப் போய் இருபத்தைந்து முப்பது வருடம். "சங்கக் கடையைத் தாண்டி, பெரிய புளியமரத்தடியில இறங்கி, ரெண்டாவது ஒழுங்கை" என்று குரல் பதிவு வரும். சங்கக் கடை போரில் போய்விட்டது, புளியமரமும் போய்விட்டது, ஒழுங்கை இப்போது கொங்கிறீற் வீதி. டெலிவரிக்குப் போகிற பெடியனுக்கு அந்தப் புளி எங்கே நின்றது என்று தெரியும், ஏனென்றால் அவனுடைய தாத்தா அதற்குக் கீழேதான் கடலை விற்றவர். கூகுள் மப்பில் இல்லாத இந்த அறிவுதான் கடையின் கைமுதல். கொழும்பிலிருக்கிற பெரிய கிப்ற் டெலிவரி கம்பனிகள் கிளிநொச்சி நகரம்வரை வந்து, முரசுமோட்டை, இராமநாதபுரம், புதுக்குடியிருப்பு உட்பக்கம் என்றதும் தடுமாறுவது இதனால்தான்.

இரண்டாவது, அத்தாட்சி. சாமான் கொடுக்கும்போது எடுக்கிற வீடியோ ஒரு நிமிடத்துக்குமேல் போகாது. ஆனால் மகனுக்கு அதில் ஆயிரம் தகவல் இருக்கிறது. அம்மா மெலிந்துவிட்டாவா, முற்றம் கூட்டியிருக்கிறதா, பின்னால் தெரிகிற கூரை ஓடு உடைந்ததா. அந்த வீடியோவுக்குப் பிறகுதான் அடுத்த ஓடர் வரும்: "தம்பி, அந்த ஓட்டை ஒருக்கா மாத்திவிட ஆள் இருக்கோ?" கடைக்காரர் கேக் தொழிலிலிருந்து வீடு பராமரிப்புத் தொழிலுக்குப் போன கதை இதுதான். இப்போது காணி துப்புரவாக்குவது, வேலி அடைப்பது, எல்லைக்கல் படம் எடுத்து அனுப்புவது எல்லாம் செய்கிறார். எவரும் சந்தை ஆய்வு செய்து இதைக் கண்டுபிடிக்கவில்லை.

காசு எப்படி வருகிறது என்பதுதான் இதிலே மண்டையைப் பிய்க்கிற பகுதி. இலங்கையிலிருந்து பேபாலில் கட்டலாம், வாங்கமுடியாது என்ற நிலை பல வருடமாக இருந்தது. ஆகவே இந்தக் கடை என்ன செய்தது என்றால், மார்க்கத்தில் இருக்கிற சொந்தக்கார அண்ணர் ஒருவரைக் காசு வாங்குகிறவராக வைத்தது. கனடாக்காரர் இன்டராக் என்ற அந்த நாட்டு வங்கிப் பரிமாற்றத்தில் அவருக்கு அனுப்புவார்கள், அவர் தன் கமிஷன் கழிவை எடுத்துவிட்டு மாத முடிவில் வங்கி வழியாக அனுப்புவார். பெரிய கம்பனி செய்தால் இதற்கு நல்ல பெயர் ஒன்று வைத்து ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கும். இங்கே அதற்குப் பெயர் "அண்ணரிட்டப் போடுங்கோ". கழிவு விஷயத்தில் அண்ணருக்கும் கடைக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது சண்டை வரும், பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் வரும்போது சமாதானமாகிவிடும்.

2022 இல்தான் இந்த முறை எவ்வளவு உறுதியானது என்று தெரிந்தது. அந்த மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள், இருநூறு ரூபாப் பக்கம் நின்ற அமெரிக்க டொலர் ரெண்டு மாதத்துக்குள் முந்நூற்று அறுபது பக்கம் போனது, செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்துக்குப் போனது. ரூபாவில் விலை சொன்ன கடைகள் காலையில் சொன்ன விலையைப் பின்னேரம் மாற்றின. டொலரில் விலை சொன்ன இந்தக் கடைக்கு அந்தத் தலையிடி குறைவு. காஸ் சிலிண்டரும் பால்மாவும் கிடைக்காத அந்த மாதங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் "எங்கேயாவது தேடி எடுத்துக் கொடுங்கோ" என்று கெஞ்சினார்கள். பெற்றோல் இல்லை. சைக்கிளில் போய்க் கொடுத்தார்கள்.

சரி, இப்போது கொஞ்சம் சுவீடனுக்குப் போய்வருவோம். உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் யொஹான்சன், ஜான்-எரிக் வால்ன என்ற இரண்டு பேர் 1977 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள், வெளிநாட்டு வணிகம் படிக்கிற எல்லாருக்கும் அது அரிச்சுவடி. ஒரு கம்பனி எடுத்த எடுப்பில் தூரதேசம் போகாது, முதலில் தனக்குப் பழக்கமான, மொழியும் வழக்கமும் கிட்டவாக உள்ள நாட்டுக்குப் போகும், அங்கே படித்துக்கொண்டு அடுத்த வட்டத்துக்குப் போகும் என்பது சுருக்கம். சுவீடன்காரன் முதலில் நோர்வே, டென்மார்க், பின்லாந்து என்று போனான். அவர்கள் தூரம் என்று சொன்னது கடல்மைலை இல்லை, மனதிலிருக்கிற தூரத்தை.

இதை வன்னியில் வைத்துப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். ஆனால் கொழும்பில் உள்ள சூப்பர்மார்க்கெட் கொள்வனவு அதிகாரியோடு கதைக்க விசுவமடுவில் கறித்தூள் இடிக்கிற எங்கள் அக்கா ஒருவருக்குச் சிங்களமும் வராது, இங்கிலீசும் வராது, அந்த அதிகாரிக்கு வறுத்த தூளின் மணம் பிடிபடாது. ஸ்காபரோக் கடை முதலாளியோ பையைத் திறந்து மணந்துபார்த்து "கறிவேப்பிலை காணாது, மல்லி கொஞ்சம் கூட வறுபட்டிட்டுது" என்று சொல்லுகிற ஆள். காசோலை திரும்பினால் அவருடைய ஒன்றுவிட்ட தங்கச்சி இருக்கிற ஊர் தெரியும். விசுவமடுவுக்குக் கொழும்பைவிட ரொறன்ரோ கிட்ட. 2009 இல் அதே சுவீடன்காரர் இரண்டு பேரும் தங்கள் கட்டுரையைத் திருத்தி எழுதினார்கள்: நாடு வேறு என்பது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை, அங்கே உள்ள வலையமைப்புக்குள் நீ இல்லை என்பதுதான் பிரச்சினை என்று. அதே 2009 இல் இங்கே என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்குள் வன்னியின் பாதிப் பேருக்கு வெளிநாட்டில் ஒரு வலையமைப்பு இருந்தது, யாரும் விரும்பிக் கட்டியது இல்லை.

அந்தத் தூள் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பார்த்ததில் மிகக் கெட்டித்தனமான வியாபார முறை அவருடையதுதான். போருக்குப் பிறகு வாழ்வாதார உதவி என்று எல்லாருக்கும் தையல் மெசின், கோழி, ஆடு கொடுத்தார்கள். அவருக்கும் ஒரு தையல் மெசின். தெருவுக்கு நாலு தையல் மெசின் வந்தால் யார் யாருக்குத் தைப்பது? வாடிக்கையாளரைக் கொடுக்க எந்தத் திட்டத்திலும் இடம் இருக்கவில்லை. (இதில் ஒரு வேடிக்கை: சிங்கர் கம்பனி 1877 இல் கொழும்புக்கு வந்தபோது மெசினைவிட முக்கியமாகக் கொண்டுவந்தது தவணை முறையை. 1850களில் எட்வர்ட் கிளார்க் என்ற பங்காளி போட்ட திட்டம் அது, காசு இல்லாத வீடும் மெசின் வாங்க வழி செய்தது. வாங்குகிறவர் எப்படிக் கட்டுவார் என்று அவர்கள் யோசித்தார்கள், எங்கள் திட்டக்காரர் யோசிக்கவில்லை.)

அக்கா மெசினை விற்றுவிட்டு ஒரு பெரிய இரும்புத் தாச்சி வாங்கினார். அவர் தனக்கென்று ஒரு பிராண்ட் வைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டுக் கணக்கில் தூள் இடிக்கிறார். ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது, அதில் பக்கத்துக்கு ஒரு குடும்பம்: செத்தல் மிளகாய் இவ்வளவு, மல்லி இவ்வளவு, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, ஒருவருக்கு ஏலம் போட்டால் பிடிக்காது, இன்னொருவருக்கு மிளகாயை கரிக்கட்டை நிறத்துக்கு வறுக்கவேண்டும். கணக்கைச் சொல்லத் தெரியாதவர்கள் லண்டனிலிருந்து பழைய தூளில் ஒரு சின்னப் பொதி அனுப்பியிருக்கிறார்கள், மணந்துபார்த்துக் கண்டுபிடி என்று. மாதத்தில் குறிப்பிட்ட திகதிக்குள் ஓடரும் காசும் வரவேண்டும். காசு வந்த பிறகுதான் மல்லி வாங்குவார். ஆகவே கைமுதல் தேவையில்லை, மிச்சம் தேங்குவதில்லை, பழைய தூளை விற்கவேண்டிய கட்டாயமில்லை. செத்தல் மிளகாய் அநேகமாக இந்தியாவிலிருந்து வருவதுதான், இலங்கை முழுக்க அப்படித்தான். ஆகவே விசுவமடுவிலிருந்து போவது மிளகாய் என்று சொல்வது சரியில்லை, வறுக்கிற கையும் அந்தக் கொப்பியும்தான் போகின்றன.

அனுப்புவது பயணிகளோடு. "ஆள் போகுது" என்ற தகவல் வந்தால்தான் வறுக்கத் தொடங்குவார், ஆவணி மாதத்தில் வெளிநாட்டுக்காரர் திரும்பும்போது தாச்சி அடுப்பை விட்டு இறங்காது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பெட்டிக்குள் தூளும் கருவாடும் வைத்து அடைத்துக்கொண்டு போகிற ஆட்களை ஏ9 பாதையில் அந்த மாதம் முழுக்கப் பார்க்கலாம். இதில் சட்டம் தெரிந்திருப்பது நல்லது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணி ஒருவர் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை மீன் கொண்டுபோகலாம், இறைச்சியும் பால் சாமானும் கூடாது. கருவாடு தப்பிவிடும், வத்தல் இறைச்சி குப்பைத்தொட்டிக்குப் போகும்.

ஆனால் பெட்டிக்குள் வைத்து அனுப்புவதற்கு ஒரு எல்லை இருக்கிறது. கடையில் வைத்து விற்கிற அளவுக்குப் போனால் விளையாட்டு மாறுகிறது. ஐரோப்பாவில் மிளகாய்த்தூளில் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு மொத்தமாகக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, அதிலும் பி1 வகை 5க்கு மேல் கூடாது. ஒரு தொன் தூளுக்குள் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. மாரி மழையில் தறப்பாளில் காயவிட்ட மிளகாய் இந்தச் சோதனையில் தேறுவது கஷ்டம். கனடாவில் லேபிள் இங்கிலீசிலும் பிரெஞ்சிலும் இருக்கவேண்டும், 2019 இல் வந்த விதிகளின்படி இறக்குமதி செய்கிறவருக்கு உணவு லைசன்சும் வேண்டும். அமெரிக்காவுக்கு 2002 சட்டப்படி தயாரிக்கிற இடத்தைப் பதிவு செய்து, பொதி போகமுன் அறிவிக்கவேண்டும். 800 டொலருக்குள் வருகிற சின்னப் பொதிக்குத் தீர்வை இல்லை என்ற சலுகையையும் 2025 ஆகஸ்ட் 29 இல் எடுத்துவிட்டார்கள். தனியாக ஒரு அக்கா இதையெல்லாம் செய்யமுடியாது, செய்யச் சொல்வதும் நியாயமில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. சின்ன ஆட்கள் வெளிநாட்டில் பிழைப்பது புதுச் சாமானால் இல்லை, யார் முதலில் காசு கட்டுவது, யார் கடதாசி வேலை செய்வது, பழுதானால் யார் தலையில் விழுவது என்ற ஏற்பாட்டை மாற்றுவதால். அக்கா இப்போது ஸ்காபரோ மொத்த வியாபாரி ஒருவரோடு சேர்ந்திருக்கிறார். லைசன்ஸ் அவருடையது, லேபிள் அவருடையது, பரிசோதனைச் செலவும் அவருடையது. வறுவல் அக்காவுடையது. "உன்ரை பேரே இல்லாமப் போச்சு" என்று ஊரில் சிலர் கவலைப்பட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வியாபாரி வீட்டுக் கணக்குக் கொப்பியைக் கேட்டார், அக்கா கொடுக்கவில்லை, கடைக்கென்று ஒரேயொரு கலவையை மட்டும் எழுதிக் கொடுத்தார். "அது சனத்தின்ரை, என்ரை இல்லை, நான் எப்பிடிக் குடுக்கிறது" என்று அவரிடம் சொன்னாராம். வியாபாரத்தில் எனக்குத் தெரிந்த எவரும் இதைவிட நல்ல பதில் சொன்னதில்லை.

எதிர்மாறான உதாரணம் பூநகரி, மன்னார்ப் பக்கத்து நண்டு. நீலக்கால் நண்டு அமெரிக்காவரை போகிறது, சதையைப் பிரித்துப் பொதிசெய்கிற வேலையில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். வலை போடுகிறவருக்கு அதைத் தின்கிறவர் யார் என்று தெரியாது, வாங்குகிறவர் ஒருவர் இருவர்தான். 2020 இல் கொரோனாவுக்கு அங்கே சாப்பாட்டுக் கடைகள் பூட்ட, இங்கே கரையில் விலை விழுந்தது. தொகையில் பார்த்தால் நண்டு பெரிய ஏற்றுமதி, கேக் கடை தூசு. ஆனால் அந்தக் கொரோனாக் காலத்தில் கேக் கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்கு நேரே போன் எடுத்து "மருந்து வேணுமோ" என்று கேட்க முடிந்தது.

கோயில் நேரலைக்காரரையும் இதில் சேர்க்கவேண்டும். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு இரவிரவாகக் கமெராவோடு நிற்கிற பெடியளுக்குப் பார்வையாளர் பாதி வெளிநாட்டில். அவர்கள் நேரலையை இலவசமாகத்தான் விடுகிறார்கள். காசு வருவது அதற்குப் பிறகு, அதைப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுச் சாமத்தியவீடு, குடிபூரல், அந்தியேட்டி என்று ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவர்களையே பிடிக்கும்போது. திவசத்துக்குச் சிறுவர் இல்லத்தில் ஒருநேரச் சாப்பாடு கொடுக்கிறதையும் இவர்களே ஒழுங்குசெய்து படம்பிடித்து அனுப்புகிறார்கள். பிள்ளைகளின் முகத்தைக் காட்டி எடுப்பது எனக்குப் பிடிக்காத விஷயம், சொல்லியும் இருக்கிறேன், சில இல்லங்கள் இப்போது அதைத் தடுத்துவிட்டன, நல்லது.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேள்வி சரிதான். மகன் அம்மாவுக்குக் கேக் அனுப்புகிறான். அம்மா இல்லாமல் போனால்? ரொறன்ரோவில் பிறந்த பேரனுக்கு வட்டக்கச்சியில் யாரைத் தெரியும்? தூள் ஓடர் தருகிறவர்களின் சராசரி வயது ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது என்று அக்காவே சொல்கிறார். அங்கே பிறந்த பிள்ளைகளும் கறி தின்னுகிறார்கள்தான், ஆனால் வீட்டுக் கணக்குத் தூள் வேண்டும் என்று ஒருவருக்கும் பிடிவாதமில்லை, சூப்பர்மார்க்கெட் போத்தலே போதும். கேக் கடைக்காரர் இதற்கு மாற்றாக வெளிநாட்டிலிருந்து வருகிற இளம் ஆட்களுக்கு ஊர்ப் பயணம் ஒழுங்குசெய்யத் தொடங்கியிருக்கிறார், தாத்தாவின் காணி, அம்மா படித்த பள்ளிக்கூடம், இரணைமடுக் குளம், பாலைப்பழக் காலமென்றால் காட்டோரம். நன்றாகப் போகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

சொந்தக்கார வட்டத்தைத் தாண்டிப் போனவர்கள் என்று நான் காட்டக்கூடியது முள்ளியவளைப் பக்கத்துப் பெண்கள் சிலரை. பனையோலைப் பெட்டி இழைக்கிறார்கள். பெட்டியைப் பெட்டியாக விற்றால் ஒரு வீட்டுக்கு ஒன்று போதும், அடுத்த பத்து வருடத்துக்கு அந்த வீடு வாங்காது. ஒஸ்லோவில் சவர்க்காரம் செய்து விற்கிற ஒரு கடைக்கு, தமிழ்க் கடை இல்லை, சவர்க்காரம் வைக்கிற சின்ன உறையாக இழைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலை தொடக்கம் ஐரோப்பாவில் ஒருமுறை பாவிக்கிற பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை வந்ததிலிருந்து இப்படிப்பட்ட பொதியிடும் சாமானைத் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். உறை சவர்க்காரத்தோடு போய்விடும், அடுத்த மாதம் திரும்ப வேண்டும். பாதிக் காசு முன்பணம். ஓலை சரியாகக் காயாவிட்டால் குளிர்நாட்டுக்குப் போகிற வழியில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் மாரியில் இழைப்பதில்லை, கோடையிலேயே இழைத்து வைக்கிறார்கள்.

தகராறு அளவில்தான். அங்கே சவர்க்காரம் அச்சில் வார்த்தது, எல்லாம் ஒரே அளவு. இங்கே ஒவ்வொரு கைக்கும் ஒரு அளவு. கடைசியில் ஒரு தச்சரிடம் சொல்லிச் சவர்க்கார அளவில் பாலைமரக் கட்டைகள் செய்வித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, அதைச் சுற்றி இழைக்க வைத்திருக்கிறார்கள். கட்டை வந்த பிறகு கழிவு குறைந்துவிட்டது, ஆனால் வேகமும் குறைந்துவிட்டது, ஆகவே போன கிழமை விலையைக் கூட்டிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒஸ்லோக்காரர் இன்னும் பதில் போடவில்லை. அவர் மாட்டேன் என்றால் பேர்கனில் மெழுகுதிரி விற்கிற ஒருவர் கேட்டிருக்கிறார், அவருக்கு மாதிரி உறை நாலு ஏற்கனவே தபாலில் போய்விட்டது.